எஞ்சினின் அசல் எங்கே இருக்கிறது?

அறுபதுகளில் வந்த அமெரிக்கச் செவர்லே கார்வெட் ஒன்றை வாங்க வருகிறவர் பானெட்டைத் திறந்ததும் முதலில் குனிந்து பார்ப்பது கார்புரேட்டரையோ வால்வு கவரையோ அல்ல. எஞ்சினின் முன்பக்கம், வலது ஹெட் முடிகிற இடத்தில், பிளாக்கின் மேல் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம் இருக்கிறது. அதில் குத்தியிருக்கும் எழுத்துகளும் எண்களும் விலையைத் தீர்மானிக்கின்றன. காரின் எண்ணும் எஞ்சினில் குத்திய எண்ணும் ஒத்துப்போனால் ஒரு விலை. போகாவிட்டால் வேறு விலை, பெரும்பாலும் பல லட்ச ரூபாய் குறைவாக. இவ்வளவு பணம் இவ்வளவு சிறிய இடத்தில் குவிந்திருந்தால் அங்கே கைவரிசை காட்ட ஆள் வராமல் இருக்குமா? ஐம்பது டாலருக்கு எண் குத்தும் பஞ்ச் கிடைக்கிற நாட்டில் அது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது.

அசல் எஞ்சினை அடையாளம் காண்பது பற்றிய பேச்சு ஏறக்குறைய முழுவதும் இந்த எண்ணையே சுற்றி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சினில் மிக எளிதாகப் பொய் சொல்ல வைக்கக் கூடியது எண்தான். அதைச் சுற்றியிருக்கும் உலோகத்தின் மேற்பரப்பு, வார்ப்பில் வந்த தேதி, கழற்றப்படாத போல்ட்டின் தலை, உரிந்துபோன பெயிண்ட் ஆகியவை சேர்ந்து சொல்லும் சாட்சியத்தைப் பொய்யாக உண்டாக்குவது மிகக் கடினம். ஆனால் புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் முதலில் துடைத்து எறிவது அந்தச் சாட்சியத்தைத்தான்.

செவர்லேயையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தத் துப்பறியும் கலை அங்கேதான் மிக நுணுக்கமாக வளர்ந்திருக்கிறது. 1955இல் 265 கன அங்குலத்தில் வந்த சிறிய வி8 எஞ்சின் பல அளவுகளில் பெருகிப் பல பத்தாண்டுகள் உற்பத்தியில் இருந்தது. பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸ் வந்து பொருந்தும் விளிம்பின் மேல் வார்ப்பு எண் புடைப்பாக இருக்கும். அச்சிலேயே வருவதால் அதைப் பிறகு மாற்றுவது கடினம். அதே விளிம்பில் வார்த்த தேதியும் உண்டு. ஏ முதல் எல் வரை பன்னிரண்டு எழுத்துகள் பன்னிரண்டு மாதங்கள், பிறகு நாள், கடைசியில் ஆண்டின் ஒரே ஒரு இலக்கம். ‘சி 12 7’ என்றிருந்தால் மார்ச் 12, 1967. ஆனால் அதே குறி 1977க்கும் பொருந்தும் என்பதால் வார்ப்பு எண்ணையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். 3970010 என்ற எண் கொண்ட பிளாக் 1969இலிருந்து எழுபதுகள் முழுக்க வந்தது. அதை 1967 கார்வெட்டில் கண்டால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை. சில சமயம் இன்னும் சுலபமான தடயம் கிடைக்கும். முதல் ஆண்டான 1955இன் பிளாக்கில் ஆயில் ஃபில்டர் பொருத்த இடமே இல்லை. இடம் இருந்தால் அது 1955 பிளாக் இல்லை, அவ்வளவுதான்.

முன்புறத் தளத்தில் இருப்பது வேறு கதை. அங்கே இரண்டு குத்தல்கள் இருக்கும். ஒன்று எஞ்சின் தொழிற்சாலையில் குத்தியது: ஃபிளின்ட் ஆலை என்றால் வி, டொனாவாண்டா என்றால் டி, அதையடுத்து எஞ்சினைப் பூட்டிய மாதமும் நாளும், கடைசியில் அந்த எஞ்சின் எந்தக் குதிரைத் திறனுக்கு, எந்தக் கியர்பாக்ஸுக்கு என்று காட்டும் எழுத்துகள். இன்னொன்று காரைப் பூட்டிய ஆலையில், கார்வெட் என்றால் செயின்ட் லூயிஸில், குத்திய காரின் தொடர் எண். இரண்டு ஊர், இரண்டு பஞ்ச், இரண்டு கை. எழுத்தின் வடிவம், ஆழம், வரிசையின் சாய்வு எல்லாம் இரண்டிலும் வேறுபட வேண்டும். இரண்டும் ஒரே அச்சில், ஒரே ஆழத்தில், அழகாக நேர்கோட்டில் நின்றால் அந்த அழகே சந்தேகத்துக்கு இடம். தேதிகளும் தமக்குள் ஒழுங்காக நடக்க வேண்டும். முதலில் வார்ப்பு, பிறகு எஞ்சின் பூட்டல், அதன் பிறகு கார். இடைவெளி சில நாட்களோ சில வாரங்களோ இருக்கலாம். சில மாதங்கள்கூட ஆகலாம். காருக்குப் பிறகு பிறந்த எஞ்சினை யாரும் அசல் என்று விற்க முடியாது. கார்புரேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் ஆகியவற்றிலும் தேதிக் குறி இருப்பதால் ஒன்றை ஒன்று சரிபார்க்கும் சங்கிலி கிடைக்கிறது.

இத்தனைக்கும் மேலாக ஒரு விஷயம் உண்டு. ஹெட் உட்காரும் மேல்தளத்தையும் இந்தச் சிறு தளத்தையும் தொழிற்சாலையில் ஒரே ஓட்டத்தில் செதுக்கினார்கள். அந்த வெட்டுக்கருவி விட்டுச் சென்ற மெல்லிய கோடுகள் முன்னும் பின்னுமாக இணையாக ஓடுகின்றன. எண் குத்தியது அதற்குப் பிறகு. ஆகவே கோடுகள் குத்திய எழுத்தின் ஓரம் வரை வந்து, பள்ளத்தில் முறிந்து, மறுபக்கம் தொடர வேண்டும். பழைய எண்ணைத் தேய்த்து எடுத்தவர் கோடுகளையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறார். அதற்காக எமரி காகிதத்தால் போலிக் கோடு போடுகிறவர்களும் இருக்கிறார்கள்; பழகிய கண்ணுக்கு அது கீறலாகத் தெரியும், செதுக்கலாகத் தெரியாது. எனவே 1974இல் தொடங்கிய தேசிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கத்தின் வட்டாரங்களில் தேர்ந்தவர்கள் எண்ணைப் படிப்பதற்கு முன் எண்ணின் அடியில் உள்ள இரும்பைப் படிக்கிறார்கள்.

விதி இப்படியும் விளையாடும்: ஒரு குற்றமும் செய்யாத உரிமையாளர் ஹெட் கேஸ்கெட் ஒழுகுகிறது என்று பிளாக்கைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார். பட்டறைக்காரர் மேல்தளத்தைச் சமப்படுத்த ஒரு முறை இழைக்கிறார். அவ்வளவுதான், எண்ணும் கோடும் சேர்ந்து போய்விட்டன. அசல் எஞ்சின், அசல் காரில், சாட்சி மட்டும் இல்லை. பட்டறையில் பிளாக்கை இறக்கும்போதே ‘இந்த இடத்தைத் தொடாதீர்கள்’ என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிட்டு வருவது மிக மலிவான காப்பீடு.

இங்கிலாந்தில் ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சினுக்கு வேறு வகை வசதி. 1948இல் எக்ஸ்கே 120 காருக்காக 3,442 சிசியில் வந்த இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின், 3.8, 4.2 லிட்டர் என்று வளர்ந்து டெய்ம்லர் லிமோசினில் 1992 வரை ஓடியது. எஞ்சின் எண்ணை ஆயில் ஃபில்டருக்கு மேலே பிளாக்கிலும், முன்பக்கம் ஹெட்டிலும் இரண்டு இடத்தில் குத்தினார்கள். ஹெட்டை மாற்றியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். எண்ணின் கடைசியில் வரும் 8 அல்லது 9 அழுத்த விகிதத்தைச் சொல்கிறது. கார் ஆலையை விட்டுச் சென்றபோது எந்தச் சேசிஸில் எந்த எஞ்சின், எந்தக் கியர்பாக்ஸ் இருந்தது என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுத்து ஜாகுவாரின் பாரம்பரிய அறக்கட்டளை சான்றிதழ் தருகிறது. ஃபெராரியிலோ இன்னும் ஒரு படி அதிகம். எஞ்சின் எண்ணோடு தொடர்பில்லாத ‘உள் எண்’ ஒன்றையும் குத்தி, இரண்டையும் ஆலையின் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள். ஒன்றைப் போலியாகக் குத்தினவருக்கு மற்றது என்னவென்று தெரிந்திருக்க வேண்டுமே!

ஆனால் எக்ஸ்கே எஞ்சினில் என்னைக் கவர்வது எண் அல்ல, நிறம். ஹெட்டுக்குப் பூசிய நிறம் ஒரு மொழி. 3.8 லிட்டர் இ-டைப்பின் ஹெட் தங்க நிறம். எக்ஸ்கே 150 எஸ் காருக்குப் பரங்கிக்காய் ஆரஞ்சு. சி-டைப் ஹெட் சிவப்பு. ஹெட்டின் அமைப்பு மாற நிறம் மாறியது. நடுவில் ஒரு மெக்கானிக் தனக்குப் பிடித்த வெள்ளி பெயிண்டை அடித்திருந்தாலும் ஸ்டட்டுகளின் அடியிலோ புடைத்த வார்ப்பின் மடிப்பிலோ நகக்கண் அளவுக்குப் பழைய நிறம் ஒளிந்திருக்கும். மணல் அடித்துச் சுத்தம் செய்தால் அந்த நகக்கண்ணும் போய்விடும்.

சில்லறைச் சாமான்கள் இன்னும் மௌனமான சாட்சிகள். எஸ்.யு. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ண மூடியில், ஒரு திருகின் கீழ் சிறிய அலுமினியத் தகடு இருக்கும். எந்தக் காருக்கான கார்புரேட்டர் என்று அதில் எண் உண்டு. கார்புரேட்டரைச் சர்வீஸ் செய்கிறவர்கள் தேவையில்லாத வாஷர் என்று அதைத் தூக்கிப் போடுவது உலக வழக்கம். லூகாஸ் டிஸ்ட்ரிப்யூட்டரின் உடலிலும் டயனமோவிலும் பாக எண்ணோடு செய்த காலமும் குத்தியிருக்கும். இ-டைப்பின் ரப்பர் ஹோஸ்களைப் பிடித்த செனி கிளிப்பை எடுத்துவிட்டு எங்கும் கிடைக்கும் பட்டை கிளிப்பை மாட்டினால் கார் ஓடுவதில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் அந்த கிளிப் இன்னும் இருக்கிறதென்றால் அந்த ஹோஸ் பக்கம் அதிகம் பேர் கை வைக்கவில்லை என்று பொருள். மற்ற பாகங்களையும் நம்ப அது ஒரு காரணம்.

போல்ட்டுக்கும் வரலாறு உண்டு. எம்.ஜி. டிசி, டிடி கார்களில் இருந்த 1,250 சிசி எக்ஸ்பிஏஜி எஞ்சினின் போல்ட்டுகளில் மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த் ஸ்பேனருக்கு ஏற்ற அளவு. இந்த விநோதத்துக்குக் காரணம், பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் நிறுவனம் கவென்ட்ரியில் வைத்திருந்த ஆலையை மோரிஸ் 1923இல் வாங்கியதுதான். ஆலையோடு அதன் மெட்ரிக் எந்திரங்களும் வந்தன. ஆனால் ஆங்கிலேய மெக்கானிக்கின் பெட்டியில் இருந்தது விட்வொர்த் ஸ்பேனர். அப்படிப்பட்ட எஞ்சினில் ‘ஏறத்தாழச் சரியான’ வேறு போல்ட்டை முறுக்கி ஏற்றினவர் ஒரு போல்ட்டை மாற்றவில்லை, பிளாக்கின் மரையையே அழித்துவிட்டார். கழற்றிய போல்ட்டை அது வந்த துளையின் பெயரெழுதிய பையில் போடுவது பத்து நிமிட வேலை.

ஃபோர்டு மாடல் டி பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வந்த அந்தக் காரில் பெரும்பாலான காலம் எஞ்சின் எண்ணே காரின் எண். எஞ்சின் மாறினால் சட்டத்தின் கண்ணில் காரே மாறியது. 1927க்குப் பிறகும் மாற்று எஞ்சினாக அதை 1941 வரை செய்துகொண்டிருந்ததால், பிற்கால எஞ்சின் பூட்டிய முற்காலக் கார்கள் சாதாரணம். அவற்றைப் போலி என்பது அநியாயம்.

அநியாயம் என்று சொன்னதும் அடிப்படைக் கேள்வி எழுகிறது. எதை அசல் என்பது? 1990இல் லண்டன் உயர் நீதிமன்றமே இதற்கு விடை தேட வேண்டி வந்தது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ‘ஓல்ட் நம்பர் ஒன்’ பெரும் தொகைக்கு விலை பேசப்பட்டது. வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் கார் அல்ல என்று பின்வாங்கினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது: பந்தயக் காலத்திலேயே பாகங்கள் தொடர்ந்து மாறின, 1932இல் எட்டு லிட்டர் எஞ்சின் ஏறியது, வென்ற நாளில் இருந்த உலோகத்தில் மிகச் சொற்பமே மிஞ்சியிருந்தது. நீதிபதி விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். ஒரு நாளும் அந்தக் கார் இல்லாமல் போய் இன்னொரு கார் பிறக்கவில்லை. ஒரே கார் இடைவிடாமல் மாறி வந்திருக்கிறது, ஆகவே அதுவே அது என்றார்.

எஞ்சினுக்கு இந்தத் தீர்ப்பு தரும் பாடம் முக்கியமானது. அசல் என்பதில் இரண்டு வகை உண்டு. ஆலையிலிருந்து வந்தபோது இருந்தது ஒன்று; வாழ்ந்த காலத்தில் நியாயமாகச் சேர்ந்தது மற்றொன்று. கியாரண்டியில் கம்பெனியே மாற்றிக் கொடுத்த பிளாக், பந்தயத்துக்காக உரிமையாளர் ஏற்றிய கார்புரேட்டர், போர்க்காலத்தில் கிடைத்ததைப் போட்டு ஓட்டிய மேக்னீட்டோ எல்லாம் இரண்டாம் வகை. இவற்றைப் பிடுங்கிவிட்டு ‘ஆலை நிலைக்கு’ திருப்புவது வரலாற்றின் ஒரு பக்கத்தைப் படிக்க இன்னொரு பக்கத்தைக் கிழிப்பது. பழைய வாகனங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2010களின் தொடக்கத்தில் ஏற்ற டூரின் சாசனம் இதை ஒப்புக்கொள்கிறது. புதுப்பிப்பதைவிடக் காப்பது மேல், மாற்றியே தீர வேண்டிய பாகத்தில் மாற்றியதை அடையாளமிடு, செய்ததையெல்லாம் எழுதி வை என்பது அதன் சாரம். கட்டடங்களுக்காக 1964இல் எழுதிய வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்த சிந்தனை அது. கோயிலில் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு மணல் அடித்ததால் கல்வெட்டு போன கதையை நாம் அறிவோம் என்பதால் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ரசனையும் மெல்ல மாறுகிறது. பிலடெல்பியாவில் அருங்காட்சியகம் நிறுவிய மூளை அறுவை மருத்துவர் ஃபிரெட் சிமியோன், தொடாத கார்களின் பெருமையைப் பல ஆண்டுகள் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். 2024இல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் போட்டியில் முதன்முறையாகப் புதுப்பிக்காமல் காத்த ஒரு கார் முதல் பரிசு வென்றது. அது 1934 புகாட்டி டைப் 59, பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டின் காலத்துக் கறுப்புப் பெயிண்டோடு. பந்தயக் காரைச் சாலைக் காராக்கியபோது ஆலையே அதன் சூப்பர்சார்ஜரை எடுத்துவிட்டிருந்தது. எடுத்தது எடுத்தபடியே இருக்க, பரிசு கிடைத்தது.

சரி, காப்பது எப்படி? எஞ்சினைத் தொடுவதற்கு முன் படமெடுப்பதுதான் முதல் வேலை. எல்லாப் பக்கமும், அழுக்கோடு. ஆலைத் தொழிலாளி சோதித்து விட்டதற்கு அடையாளமாக வைத்த பெயிண்ட் பொட்டும் சாக்பீஸ் கோடும் அந்த அழுக்கின் அடியில் இருக்கலாம். பிறகு மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், மரக்குச்சி, பொறுமை. கொதிக்கும் காஸ்டிக் தொட்டியில் இரும்பு பிளாக் பிழைக்கும், அலுமினியப் பாகம் கரைந்துவிடும். அழுத்தக் காற்றில் மணல் அடிப்பது வார்ப்பின் தோலை உரித்து எல்லா எஞ்சினையும் ஒரே முகமாக்கிவிடுகிறது. மிஞ்சிய மணல் ஆயில் வழிகளில் நின்று பேரிங்கையும் தின்னும். சுத்தமான இரும்பின் மேல் மெழுகு பூசினால் பெயிண்ட் இல்லாமலே துருவைத் தள்ளிப்போடலாம். போல்ட்டுகளில் ஆலை பூசிய கேட்மியம் மங்கிய சாம்பல் நிறம், இன்றைய துத்தநாகம் நீலம் கலந்த பளபளப்பு. கேட்மியம் நஞ்சு என்பதால் புதிதாகப் பூசக் கிடைப்பது அரிது. அதனாலேயே பழைய போல்ட்டில் மிஞ்சியதை கம்பிப் பிரஷ்ஷிடம் கொடுக்கக் கூடாது.

மிகையான அழகும் ஒரு பொய். செவர்லே ஆலையில் எஞ்சினைப் பூட்டி முடித்த பின்தான் ஆரஞ்சு பெயிண்டை அடித்தார்கள்; அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் கொஞ்சம் தெறித்து, முதல் சூட்டிலேயே கருகி உதிர்ந்தது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே பெயிண்ட் அடித்துப் பூட்டிய கண்காட்சி எஞ்சினைப் போல எந்த எஞ்சினும் ஃபிளின்டிலிருந்து வந்ததில்லை.

உள்ளே செய்யும் வேலையில் நான் அவ்வளவு கறாராக இல்லை. எஞ்சின் ஓட வேண்டும். சிலிண்டரைக் குடைந்து போர் அடிக்கும்போது அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது, நாற்பது, அறுபது பங்கு என்று ஒவ்வொரு முறையும் பிளாக்கின் ஆயுள் குறைகிறது. அறுபது தாண்டியதும் பிளாக்கை எறியாமல் ஸ்லீவ் போட்டால் பழைய அளவே திரும்பக் கிடைக்கும். விரிசல் விட்ட இரும்பை வெல்டிங் சூட்டில் இன்னும் விரிய விடாமல் குளிர்நிலையிலேயே உலோக ஊசிகளால் தைக்கும் முறை உண்டு. ஈயமில்லாத பெட்ரோலுக்காக ஹெட்டில் கடின வால்வு சீட் போடுவதும் வெளியே தெரியாது. இறுகிப்போன எஞ்சினை கியரில் போட்டு இழுத்துக் கிளப்ப முயல்வதுதான் தவறு. பிளக் ஓட்டை வழியே எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருந்தால் பெரும்பாலும் தானே இளகும். வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நல்லது என்று நம்புகிறவர்கள் பலர். உண்மையில் சூடேறாத எஞ்சினில் நீரும் அமிலமும் ஆயிலில் தங்கும். ஓட்டினால் நன்றாகச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் கையால் சுற்றி வைத்தால் போதும்.

நம் ஊருக்கு வந்தால் பிரச்சினை தலைகீழாகிறது. இங்கே போலி எண் அரிது. எஞ்சினே காணாமல் போயிருக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பெட்ரோல் விலைக்குப் பயந்து எத்தனையோ அம்பாசடர்களின் 1,489 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். இறக்கிய எஞ்சின்கள் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பாகம் பாகமாகக் கரைந்தன. ஜாகுவாருக்கு இருப்பது போன்ற ஆலைச் சான்றிதழ் ஏற்பாடு அம்பாசடருக்கோ சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கோ இல்லை. எனவே மாற்றங்களைப் பதிந்த பழைய ஆர்.சி. புத்தகம்தான் நமது பதிவேடு. அதை ‘புதுசு எடுத்துட்டோமே’ என்று எறிவது எஞ்சினை எறிவதற்குச் சமம்.

ஹெரால்டு வேறொரு சிக்கலையும் காட்டுகிறது. இங்கிலாந்தில் அந்தக் கார் 1961இலேயே 1,147 சிசிக்கும் பிறகு 1,296 சிசிக்கும் போனது. இந்திய ஹெரால்டு 948 சிசியிலேயே நின்றது. இன்று ஆர்வலர்கள் இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்து ‘அசலாக்கு’கிறார்கள். ஆனால் உள்நாட்டுப் பாகங்கள் ஏறிய காலத்து ஹெரால்டுக்கு 1961இல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ்ஸின் டிஸ்ட்ரிப்யூட்டரும், செம்பியத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் பிஸ்டனும், பெங்களூர் மைக்கோ பிளக்கும் அந்நியமா? பர்மிங்காம் லூகாஸை மாட்டி, பாடியில் செய்ததைக் குப்பையில் போட்டால் அந்தக் காரின் அசல் தன்மை குறைகிறது, கூடுவதில்லை. அன்று இங்கே செய்த பாகத்தை இனி யாரும் செய்யப்போவதில்லை. இங்கிலாந்துப் பாகத்தை இன்றும் தபாலில் வாங்கலாம்.

சட்டமும் இதில் நுழைந்துவிட்டது. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் அறிவித்த விதிப்படி, முதல் பதிவு நடந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனத்தை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்து ஆண்டுகளுக்கு. சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. நோக்கம் நல்லது. ஆனால் 1985இல் டீசல் ஏற்றிய அம்பாசடர் இந்த வாசலில் நுழைய முடியாது. நுழைவதற்காக யாரோ ஒருவர் எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் எஞ்சினைத் தேடி ஏற்றுவார். அது வேறு காரின் எஞ்சினாக இருக்கும். காலத்தோடு வந்த மாற்றத்துக்கும் நேற்றுச் செய்த மாற்றத்துக்கும் விதியில் வேறுபாடு காட்டியிருந்தால் இந்த வேலை மிச்சம்.

இடையில் பெட்ரோல் பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த இ20 ஆகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸை ஊறவைக்கும். பழைய கார்புரேட்டர்களில் கார்க் மிதவையின் மேல் பூசிய அரக்கைக் கரைத்துவிடும். ஆகவே ஓட்டுகிற கார் என்றால் பெட்ரோல் ஹோஸ், டயாஃப்ரம், கேஸ்கெட்டை எத்தனாலைத் தாங்கும் புதிய பொருளுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய பிறகு பழையதைத் துடைத்து, எந்தக் காரிலிருந்து எந்தத் தேதியில் கழற்றியது என்று சீட்டெழுதி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, காரோடு சேர்த்தே அடுத்தவருக்கு விற்க வேண்டும்.